பள்ளி மாணவரின் அறிவியல் ஆய்வு: வழிகாட்டி ஆசிரியர் எதுவரை கைகொடுக்கலாம்?

கேள்வி:

ஐயா, வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்ய முன்வந்துள்ளனர். எங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் வாழைப்பழத் தோலைக் காயவைத்துப் பொடியாக்கி, ஃபுளோரைடை நீக்கும் வடிகட்டி ஒன்று செய்வதென முடிவு செய்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் படமெடுத்து ஆய்வில் சேர்க்கவும் விரும்புகிறார்கள். அருகிலுள்ள கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பொடியை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்துத் தருவதாகச் சொல்கிறார். பரிசு கிடைக்க அது உதவும் என்பது தலைமை ஆசிரியரின் எண்ணம். ஆனால் ஆசிரியரே செய்துகொடுத்த ஆய்வு என்று மதிப்பீட்டாளர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நான் எதுவரை உதவலாம், எங்கே ஒதுங்கிக்கொள்ள வேண்டும்? ஆங்கிலத்தில் பேசினால்தான் மாநில அளவைத் தாண்ட முடியும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

எளிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 1993 முதல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடந்துவரும் இந்த மாநாட்டில், அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் ஆய்வறிக்கையை எழுதலாம். அம்மொழியிலேயே பேசவும் செய்யலாம். ஆகவே உங்கள் மாணவியர் தமிழில் எழுதட்டும், தமிழில் பேசட்டும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்து அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைவிட, ஆசிரியர் செய்த ஆய்வு என்ற ஐயத்தை விரைவாக எழுப்பக்கூடியது வேறொன்றுமில்லை.

மற்றவற்றுக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன், மாவட்ட அளவில் மதிப்பீட்டாளராக அமர்ந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் மாணவியர் விடையிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். வாழைத்தோல், முருங்கை விதை, புளியங்கொட்டை, தேங்காய் ஓட்டுக் கரி ஆகியவற்றைக் கொண்டு தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ஆய்வுகள் இத்தகைய மாநாடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அந்தப் பொருள்களுக்கு ஈர்த்துக்கொள்ளும் தன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தண்ணீரில் முதலில் எவ்வளவு ஃபுளோரைடு இருந்தது, பிறகு எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்களையும் எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வருகிறது. என் குறை அதுதான். படிக்கல்லைச் சரிபார்க்காமல் தராசு பிடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. தன் கையிலுள்ள எண்ணைச் சந்தேகிக்கவும், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வழியைத் தேடவும் பழக்குவதே வழிகாட்டி ஆசிரியர் செய்யத்தக்க மிகப் பெரிய உதவி என்பது என் கருத்து.

உங்கள் ஆய்வில் இந்தச் சந்தேகம் எங்கே வரும் என்பதைக் காட்டுகிறேன். பள்ளிகளுக்குக் கிடைக்கும் நீர் பரிசோதனைக் கிட்களில் ஃபுளோரைடை அளக்கப் பெரும்பாலும் சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த கரைசல் இருக்கும். சிர்கோனியத்தோடு சேர்ந்திருக்கும்வரை சாயம் இளஞ்சிவப்பாகத் தெரியும். தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தால் அது சிர்கோனியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். தனித்துவிடப்பட்ட சாயம் மஞ்சளுக்கு நகரும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறோம். இப்போது வாழைத்தோல் பொடியில் ஊறிய தண்ணீரை நினைத்துப் பாருங்கள். அது ஏற்கெனவே பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். தோலிலிருந்து பாஸ்பேட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பாஸ்பேட்டும் ஃபுளோரைடைப் போலவே சிர்கோனியத்தைப் பற்றிக்கொள்ளும். ஆக, பொடி உண்மையிலேயே ஃபுளோரைடைக் குறைத்திருந்தாலும் கிட் அதிகமாகக் காட்டலாம். வாழைத்தோலுக்குப் பதில் படிகாரத்தைப் போட்டால் இது தலைகீழாக நடக்கும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அது தண்ணீரிலேயே இருந்தாலும் சிர்கோனியத்தை எட்டாது; நிறம் மாறாது; ஃபுளோரைடு நீங்கிவிட்டது என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடை வீழ்படிவாக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கியது. அம்முறை செயல்படும் என்பது உண்மைதான். ஆனால் பள்ளிக் கிட்டில் தெரியும் குறைவு முழுவதையும் அதன் கணக்கில் வரவுவைக்க முடியாது.

ஆகவே முதல் மாதம் வடிகட்டியைப் பற்றிய பேச்சே வேண்டாம். அளக்க மட்டும் பழகட்டும். இதற்கு அளவு தெரிந்த கரைசல் ஒன்று தேவை. 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு கொண்ட கரைசல் கிடைக்கும். அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து 100 மில்லிலிட்டராக நீர்த்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். இரண்டு எடுத்தால் 2 மில்லிகிராம். இத்தனை சிறிய எடையைப் பள்ளித் தராசில் நிறுக்க முடியாது. அந்த உப்பு விழுங்கினால் நஞ்சும்கூட. எனவே உதவ முன்வந்த பேராசிரியரிடம் நுண்ணோக்கிப் படத்துக்குப் பதிலாக இந்தக் கரைசலைக் கேட்டு வாங்குங்கள்; உப்பு கல்லூரியிலேயே இருக்கட்டும். கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் வைக்காமல் பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்து, பெயரும் தேதியும் எழுதி, உங்கள் பொறுப்பில் பூட்டிவையுங்கள். நீர்த்தும் வேலை மட்டும், கையுறையோடு, உங்கள் கண்முன்னே மாணவியர் கையால் நடக்கட்டும்.

பிறகு ஒருத்தி பாட்டில்களுக்கு எண் இட்டு வரிசையைக் கலைத்து வைக்க, எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அறியாத மற்றவள் நிறத்தைப் படிக்கட்டும். ஒரே தண்ணீரை இரண்டு வெவ்வேறு எண்களில் ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் அவள் வெவ்வேறு அளவு சொன்னால் திட்டாதீர்கள்; அந்த வேறுபாடுதான் அவர்கள் ஆய்வின் பிழை அளவு. நிற அட்டை 1.0, 1.5, 2.0 என்று படிப்படியாகத்தான் போகும் என்றால், 1.2-க்கும் 1.4-க்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கிட்டைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீரில் ஃபுளோரைடுக்கு விதித்துள்ள அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம். இவ்விரண்டும் அட்டையில் அடுத்தடுத்த படிகளாக வந்து நிற்பதைக் கவனித்த பிள்ளை, தன் கருவியால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைத் தானே உணர்ந்துகொள்வாள்.

அளக்கப் பழகிய பிறகு ஊருக்குள் போகட்டும். நல்ல கேள்வி கிடைப்பது பெரும்பாலும் அப்போதுதான். அதை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் கடினம். உங்கள் பகுதியின் அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்துதான் ஃபுளோரைடு மெல்ல நீரில் கரைகிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து, காரத்தன்மை கூடிய நீரில் அது கரைந்தே நிற்கும். இதையெல்லாம் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஆனால் முதல் நாளே அவர்களிடம் கொட்டிவிடக் கூடாது. அடிபம்பு, திறந்தவெளிக் கிணறு, தோட்டத்துப் போர்வெல் என்று ஒரே ஊரில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நீரெடுத்து அளந்தால், ஒரே தெருவில் இரண்டு போர்வெல்கள் வெவ்வேறு அளவு காட்டக்கூடும். அப்போது "ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ஒருத்தி ஆழம் என்பாள். அப்படியானால் எத்தனை அடி என்று யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாவிட்டால் போர் போட்ட வண்டிக்காரருக்குத் தெரியும். சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்து இது கடின நீர், இது மென்னீர் என்று இன்னொருத்தி பிரிப்பாள்; அது கால்சியத்தைப் பற்றிய கேள்வி என்பது அவளுக்குத் தெரியாமலே அவள் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். அந்த இடத்தில் நீங்கள் புத்தகத்தைத் திறக்கலாம். கடினத்தன்மையைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கரைசலும் அதே கிட்டில் பெரும்பாலும் இருக்கும். மழைக்கு முன்பு ஒரு முறையும் மழை நின்ற பிறகு ஒரு முறையும் அதே இடங்களில் நீரெடுத்தால், திறந்தவெளிக் கிணறும் ஆழ்துளைக் கிணறும் மழைக்கு ஒரே மாதிரி மாறுகின்றனவா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். உங்கள் ஊரைப் பற்றி உங்கள் மாணவியரைத் தவிர வேறு எவரும் சொல்ல முடியாத செய்தி இதில் இருக்கிறது. வாழைத்தோல் வடிகட்டியில் அது இல்லை.

மூன்று நான்கு மாதிரிகளை மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குக் கொடுத்துச் சோதித்து, அவ்வெண்களைக் கிட்டின் எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவர்களுக்கு வாழைத்தோல்தான் வேண்டுமென்றால் தடுக்காதீர்கள், ஆய்வு அவர்களுடையது. ஆனால் பொடி போட்ட தண்ணீருக்குப் பக்கத்தில், பொடி போடாமல் அதே நேரம் அதே போலக் குலுக்கிய தண்ணீர் ஒன்று இருக்க வேண்டும். ஃபுளோரைடே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் பொடியை ஊறவைத்து, அந்த நீருக்குக் கிட் என்ன காட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும்; பொடி தரும் பொய்க் கணக்கு அதில் வெளிப்பட்டுவிடும். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்ய வேண்டும். அவர்கள் வடிகட்டிய நீரை யாரும், ஆர்வத்துக்காகக்கூட, ஒரு மிடறும் குடிக்கக் கூடாது.

எங்கே ஒதுங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பு, அனுமதி, கருவியைப் பிடிக்கும் முறை, கணக்குப் போடும் முறை, தேவையான புத்தகம் ஆகியவற்றில் தாராளமாக உதவுங்கள். சராசரி எடுப்பதையும் வரைபடம் வரைவதையும் வேறொரு கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்லிக்கொடுங்கள். எதை அளப்பது, எதை விடுவது, கிடைத்த எண் என்ன சொல்கிறது என்ற முடிவுகளில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் தவறான பாதையில் போவது தெரிந்தாலும், ஆபத்தில்லாத தவறு என்றால் ஒரு வாரம் போகட்டும். மதிப்பீட்டாளர்கள் வடிகட்டியின் அழகைப் பார்த்து மயங்குவதில்லை. "இந்தக் கிணற்றை ஏன் எடுத்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்போம். "அந்தத் தோட்டத்தில் நாய் இருந்தது, அடுத்த முறை அந்த அண்ணன் இருக்கும்போது போனோம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஆய்வு யாருடையது என்பதில் எங்களுக்கு ஐயமே இராது.

இந்த மாநாட்டுக்கு நாள்வாரிப் பதிவேடும் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கடைசி வாரத்தில் அழகான கையெழுத்தில் படியெடுத்து எழுதுவதுதான் பல பள்ளிகளின் வழக்கம். தைத்த நோட்டு ஒன்றை முதல் நாளே வாங்கி, பக்க எண் இட்டு, பேனாவால் மட்டும் எழுதச் சொல்லுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், கிழிக்கக் கூடாது. தண்ணீர் பட்டு மை கலைந்த பக்கமும் ஒத்துவராத எண்ணும் அப்படியே இருக்கட்டும். பத்து இடங்களிலும் மூன்று முறையும் ஒரே எண் வந்த பதிவேட்டைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

நுண்ணோக்கிப் படத்தைப் பற்றி: மாணவி கேட்ட கேள்வி ஒன்றுக்கு அது விடை தருமென்றால், அவள் உடனிருந்து எடுத்தால், அந்தப் படத்தில் எது என்ன என்று அவளால் சொல்ல முடிந்தால், தவறே இல்லை. எடுத்துத் தந்தவர் யார், மாணவியர் செய்தது எது என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வெறும் அலங்காரமாக ஒட்டிய படம் என்றால், அதிலுள்ள அளவுக்கோடு (படத்தில் உள்ளவற்றின் உண்மையான அளவைக் காட்டும் கோடு) என்ன என்ற முதல் கேள்வியிலேயே பிள்ளை தடுமாறி நிற்பாள். மற்ற நல்ல வேலையின் மீதும் சந்தேகம் விழும். தலைமை ஆசிரியரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

பற்களைப் படமெடுக்கும் யோசனையை மட்டும் உறுதியாக நிறுத்துங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் பல்லிலுள்ள கறையைப் பற்றி ஏற்கெனவே கூச்சம் இருக்கும். அதைப் படமாக்கி மேடையில் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அறிவியலாகப் பார்த்தாலும் அந்த ஒப்பீடு தவறான இடத்துக்கே இட்டுச்செல்லும். ஃபுளோரைடுக் கறை பல் முளைத்த பிறகு படிவதில்லை. ஈறுக்குள் எனாமல் உருவாகும் காலத்தில் ஏற்படுவது. பதினொரு வயதுப் பிள்ளையின் முன்பல் காட்டுவது கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஐந்தாறு வயதுவரை அவள் குடித்த தண்ணீரைத்தான். இன்று அவள் வீட்டு போர்வெல்லில் நீங்கள் அளக்கும் தண்ணீரை அல்ல. உங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு, குடிக்க ஒரு தண்ணீர், புழங்க ஒரு தண்ணீர் என்று வீடுகளில் மாறியிருக்கவும் கூடும். வீட்டில் எந்தத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும், பெயர் குறிக்காமல், பெரியவர்களின் சம்மதத்தோடு, தலைமை ஆசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதி பெற்றபின் கேட்கலாம். அதுவே பற்களைவிடப் பயனுள்ள செய்தியாக அமையும்.

இதில் கண்டிப்பாக இருக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1950-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிய, இப்போது ரீஜெனரான் ஐசெஃப் என்று வழங்கும் பன்னாட்டுக் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் போகலாம். இந்தியாவிலிருந்து ஐரிஸ் தேசியக் கண்காட்சி வழியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வென்றால், தொடங்கும் முன்பே அத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. முடித்த பிறகு வாங்கும் கையொப்பம் செல்லாது. வெளி ஆய்வகத்தில் வேலை செய்திருந்தால், மாணவர் செய்தது என்ன என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் எழுதித் தர வேண்டும். நுண்ணுயிரிகளை வீட்டில் வளர்க்கவே கூடாது. உங்கள் மாணவியர் இவ்வாண்டு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அடுத்த ஆண்டு இதே ஆய்வை விரித்துச் செய்ய விரும்பலாம். இப்போது விட்ட அனுமதியை அப்போது ஈடுசெய்ய முடியாது.

வடிகட்டி ஆசை தீராவிட்டால் அதற்கு இன்ஸ்பயர் மானக் திட்டம் இருக்கிறது. அங்கே கேட்பது ஆய்வு முடிவை அல்ல, புதிய யோசனையை. தேர்வானால் மாதிரி செய்ய மாணவரின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும். பள்ளி வழியாகத்தான் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் கடைசித் தேதியைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டு ஆய்வையும் இதையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

கிட் வாங்கும்போது அதில் ஃபுளோரைடை அளக்கும் கரைசலின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பருவத்துக்கும் ஒரே தொகுதி எண் கொண்ட பாட்டில்களே இருக்கட்டும். பள்ளியில் ஏற்கெனவே பழைய கிட் ஒன்று இருந்தால் தூக்கிப்போட வேண்டாம்: அதையும் புதியதையும் அளவு தெரிந்த கரைசலில் வைத்து ஒப்பிடுவதையே மாணவியரின் முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.